நவமணி பேசாமல் இருந்த இரண்டு வருஷம்

மலாயாவின் ஈப்போ நகரத்தில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் அப்போது குறைவு. ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த மூன்றாம் மாதமே பாசார் சந்தை முனையிலும் பாடாங் திடலிலும் ரயில் நிலையத்து வாசலிலும் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டார்கள். நாளுக்கு மூன்று தடவை அவற்றிலிருந்து தமிழ் வரும். சொந்த அக்கா அடுப்படியிலிருந்து கூப்பிட்டுச் சொல்வது போல் இருக்கும் அந்தப் பேச்சு. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் மீனைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரி நவமணிக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மகளை மிஷன் பள்ளியில் படிக்க வைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்த கணவன் கல்யாணமான நான்காம் வருஷம் காய்ச்சலில் போய்விட, அவள் தன் கையை நம்பிப் பிழைத்தாள். சண்டைக்கு முன்பு சுகாதார இலாகாவுக்காகத் தோட்டத்து ஜனங்களுக்குக் கொசுவைப் பற்றியும் கொக்கிப்புழுவைப் பற்றியும் துண்டுப் பிரசுரம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒரு விஷயத்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதை அங்கேதான் கற்றாள். புதிய ஆட்சியின் பிரச்சார அலுவலகம் அவளைத் தேடி வந்து தமிழ்ப் பகுதிக்குத் தலைவியாக உட்கார வைத்தது. மூன்று பேர் அவளுக்குக் கீழே வேலை பார்த்தார்கள். ஊரே அரிசிக்கு அலைந்தபோது அவள் வீட்டில் அரிசி இருந்தது.

1943 தொடக்கத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. நவமணி அரைநாள் உட்கார்ந்து வாசகம் எழுதினாள். "மூன்றே மாதம். கைநிறையக் கூலி. கட்டத் துணி, பொங்க அரிசி. போகவர ரயில் சும்மா." ஒரு தடவை கேட்டால் மறக்காது. வேனின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டி, படுதாவுக்குள்ளே அவளை மைக்கோடு உட்கார வைத்து, பேராக் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். வெளியே எந்த ஊர், யார் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

மே மாதத்தில் தொண்டை வீங்கியது. காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. அரசாங்க மருத்துவமனை டிரெஸ்ஸர் அப்பாவு உள்ளே பார்த்துவிட்டு, பதினைந்து நாள் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவளுடைய உதவியாளன் சாத்தப்பன் மைக் முன்னால் உட்கார்ந்தான். செட்டியார் கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, சண்டையில் கடை மூடியதும் இங்கே வந்தவன்.

பத்தாம் நாள் காலை அவள் ரயில் நிலையத்தின் பின்பக்கமாக நடந்து போனாள். சரக்கு வண்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டிகள். கம்பிவேலிக்கு இந்தப்பக்கம் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் சிரித்துக்கொண்டே கத்தினான்.

"மூணே மாசம்லா! கட்டத் துணி, பொங்க அரிசி! ஏன் அழுவுற?"

அவள் எழுதிய வாசகத்தையே சொன்னான். தான் கோத்த வார்த்தைகள் இன்னொருவன் வாயில், அவன் மனைவிக்கு ஆறுதலாக வருவதை நவமணி பார்த்தாள். அதற்குள் சிப்பாய் வந்து கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டான். உள்ளேயிருந்து அந்த ஆள் இன்னும் ஏதோ சொல்வது கேட்டது. என்னவென்று புரியவில்லை.

அதற்கு நான்கு நாள் கழித்து, காலையில் பல் தேய்த்துக் கொப்பளிக்கும்போது புரை ஏறி இருமினாள். இருமலோடு கணீரென்று சத்தம் வந்தது. நவமணி குழாயடியில் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள். இந்தக் குரலை இனி யாருக்கும் தரப்போவதில்லை என்று அன்று மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது.

அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு யாரும் வெளியே வர முடியாது. அப்பாவு டிரெஸ்ஸரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, குரல் நரம்பு செத்துவிட்டது, இனி மீளாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மாட்டுனா ரெண்டு பேர் கழுத்தும் போயிரும்மா. தெரிஞ்சுதானே கேக்குற?"

அவள் தலையாட்டினாள். அப்போதே பேச்சை நிறுத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

பிரச்சார அலுவலக அதிகாரி ஒகுரா காகிதத்தை இரண்டு முறை வாசித்தார். மரியாதையாகவே பேசினார், அவளுக்குத் தேநீர்கூட வரவழைத்தார். அவள் கிண்ணத்தை எடுக்கக் குனிந்த நேரத்தில், பின்னால் போய் இரும்பு அலமாரிக் கதவை ஓங்கி அறைந்தார். நவமணி துள்ளி விழுந்தாள். கொதிக்கும் தேநீர் மடியில் கொட்டியது. வாய் முழுசாகத் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அந்த ஒரு கணத்தில் தன் தொண்டையை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை. ஒகுரா குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுதலைக் கடிதத்தில் முத்திரை குத்தினார்.

அப்பாவுவுக்குத் தூரத்துச் சொந்தம் சன்னாசி கங்காணி. ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். கரியில் ஓடும் பஸ் பிடித்து, ஒரு டிரங்குப் பெட்டியும் சிலேட்டுமாக நவமணி அங்கே போய்ச் சேர்ந்தாள். வேலை கேட்டு வரவில்லை, எழுதிப் பிழைக்க வந்திருக்கிறாள் என்று கங்காணி லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களிடம் சொன்னார். ரேஷன் அட்டைக்கு மனு, பக்கத்து ஊர் போய்வர பாஸ், தைப்பிங்கில் இருக்கும் தங்கச்சிக்குக் கடுதாசி, பிள்ளை பிறந்த பதிவு. எது வேண்டுமானாலும் எழுதித் தருவாள். கொடுக்க முடிந்ததைக் கொடுக்கலாம். மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். சிலர் முட்டை கொடுத்தார்கள். தோட்டத்து ஆபீசில் வீணாய்க் கிடந்த ஆள் வருகை குறித்த பழைய பெரட்டுத் தாள்களின் பின்பக்கம்தான் காகிதம்.

ஊமை என்றதும் ஜனங்கள் முதலில் கை ஜாடையில் பேசினார்கள். காது கேட்கும் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார்கள். அப்புறம் நிறுத்தவில்லை. மனு எழுத வந்தவர்கள் மனுவை விட்டுவிட்டு எங்கெங்கோ போனார்கள். குறுக்கே கேள்வி கேட்கவோ, சரி சரி என்று சொல்லி முடித்து வைக்கவோ அவளால் முடியாது. பத்து வருஷமாக இந்த ஜனங்களுக்காக எழுதியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் பேசி முடிக்கும்வரை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. பிரசுரங்களில் 'பெருமக்களே' என்று ஆரம்பித்தவளுக்கு, இவர்கள் ஒரு காய்ச்சலைச் சொல்லும் விதமும் ஒரு சண்டையைச் சொல்லும் விதமும் வாயடைக்க வைத்தன.

ஆகஸ்டில் நல்லம்மாள் வந்தாள். இருபத்தெட்டு வயது, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். இடுப்பில் பாப்பா என்று ஒரு பெண் குழந்தை. புருஷன் மாயாண்டி மே மாதம் சயாமுக்குப் போனவன்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கடுதாசி எழுதணுங்க்கா."

சயாமுக்குத் தபால் போகாது என்று நவமணி கையை விரித்துக் காட்டினாள்.

"தெரியுங்க்கா. எழுதி வச்சிக்கிடலாம். அவரு வந்தா தடுமாறிப் போவாரு. ஜப்பான்காரன் மரவள்ளி போடச் சொல்லி பால் வெட்டுற கித்தா மரத்தையெல்லாம் வெட்டுறானுங்க. அவரு நெரையை எண்ணிக்கிட்டே வந்து வூட்டைப் புடிக்கிற மனுசன். எது போச்சு, எது நிக்கிதுன்னு சொல்லியாவணும்ல?"

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொத நெரை, ரோட்டோரத்து மரம். ஒங்களைக் குளவி கொட்டுச்சே, அது. நிக்கிது. ரெண்டாவது போச்சு. மூணாவதும் போச்சு. நாலாவது கோணமரம், பலகைக்கு ஆவாதுன்னு விட்டுட்டானுங்க. அஞ்சாவது பால் கொறைஞ்ச மரம், அது போனதுல எனக்கு வருத்தமில்ல. ஆறாவது மரத்துல நீங்க தொப்பியை மாட்டி வைப்பீங்க. அந்த ஆணியைப் புடுங்கி எடுத்து வச்சிருக்கேன்."

மூன்று மத்தியானம் சொன்னாள். இருநூற்று எண்பத்து நான்கு மரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி. நவமணியால் நம்ப முடியவில்லை. நான்காம் நாள் காலை தாள்களை எடுத்துக்கொண்டு தனியாக அந்த நிரைகளுக்குப் போனாள். பாதி இடம் வெட்டவெளி. வெட்டிய கட்டைகளுக்கு நடுவே மரவள்ளிக் கன்று. ஒவ்வொரு கட்டையாக, ஒவ்வொரு மரமாகத் தாளோடு ஒத்துப் பார்த்தாள். குளவிக் கூட்டின் தழும்பு இருந்தது. ஆறாவது கட்டையில் ஆணியடித்த ஓட்டை இருந்தது. உச்சி வெயில் வரும்வரை நடந்தும் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்தே தெரியாத ஒருத்தி ஒரு தோட்டத்தையே மனசில் எழுதி வைத்திருந்தாள்.

அடுத்த தை பிறந்த சமயம், அப்பாவுவிடமிருந்து பஸ்காரர் மூலம் ஒரு சீட்டு வந்தது. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவனுக்கு ஒளித்து வைத்து மருந்து போட்டாராம். அவன் போன கூட்டத்தில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்களாம். நவமணி சீட்டை அடுப்பில் போட்டாள். அந்த வாரமே தோட்டத்துக் கிராணி ஒரு சேதி கொண்டுவந்தார். வியாழக்கிழமை வேன் வருகிறது, சயாமுக்கு இன்னும் நாற்பது ஆள் வேண்டும்.

அன்று பிற்பகல் நான்கு இளவட்டங்கள் அவளிடம் வந்தார்கள். நல்லம்மாள் வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

அவர்களில் மூத்தவன் பத்துமலை. "அக்கா, எங்க நாலு பேருக்கும் மனு எழுதுங்க. முன்னாடியே குடுத்தா சமையல் வேலை கெடைக்குமாம். இங்க கெடந்து கிழங்கைத் தின்னு சாவுறதுக்கு அங்க போய் சோறாவது திங்கலாம்லா."

நவமணி சிலேட்டில் பெரிய எழுத்தில் 'போகாதீர்கள். செத்துவிடுவீர்கள்' என்று எழுதித் தூக்கிக் காட்டினாள்.

பத்துமலை அதைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினான். "ஆங், அதையே அப்படியே பேப்பர்ல எழுதிடுங்க. கைநாட்டு எங்க வைக்கணும்?"

சிலேட்டைக் கீழே வைத்தாள். வேறு வழி இல்லை.

"வேணாம். போகாதீங்க."

எட்டு மாதம் அடைத்துக் கிடந்த குரல் முதலில் கரகரத்தது. இரண்டாவது வார்த்தையில் தெளிந்துவிட்டது. நான்கு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். ஊமை பேசிய அதிர்ச்சி ஒரு பக்கம், பேசிய குரல் எதுவென்று தெரிந்த அதிர்ச்சி ஒரு பக்கம்.

"இது வேன்ல பேசுன அக்கால்ல..." என்றான் பத்துமலை.

நல்லம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நவமணி பின்னாலேயே போனாள்.

"அவரு ஒன் கொரலைக் கேட்டுத்தான் போனாரு." அதுவரை 'நீங்க' என்று பேசியவள்.

"ஆமாம்."

"பொய்யின்னு தெரிஞ்சா சொன்ன?"

"முதல்ல தெரியாது. போனவங்க எழுதலையே, திரும்பலையேன்னு ஜனங்க ஆபீசுக்கு வந்து கேக்க ஆரம்பிச்சதும் சந்தேகம் வந்துச்சு. அதுக்கப்புறமும் ஒரு மாசம் சொன்னேன்."

தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரம்பி வழிந்து கால்களை நனைத்தது. அடிப்பாள் என்று நவமணி நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். நல்லம்மாள் குழாயை மூடினாள்.

"வா. அஞ்சு லயம் இருக்கு. அஞ்சுலயும் வந்து சொல்லு. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான். அந்தக் கொரலு சொல்லித்தான் கெளம்புனானுங்க. இப்ப நிக்கச் சொல்றதையும் அதே சொல்லட்டும்."

வெயில் இறங்குவதற்குள் ஐந்து லயத்துக்கும் போனார்கள். ஒவ்வொரு லயத்தின் நடுவிலும் நல்லம்மாள் ஜனங்களைக் கூட்டி, அவளை முன்னால் தள்ளிவிட்டாள். "வேன்ல பேசினது நான்தான். சொன்னது பொய். அங்கே போனவங்க சாகுறாங்க. யாரும் போகாதீங்க." அவ்வளவுதான் சொன்னாள். இரண்டாவது லயத்தில், இரண்டு மகன்களை அனுப்பிவிட்டிருந்த கருப்பம்மாள் அவள் முகத்தில் காறித் துப்பினாள். நவமணி துடைக்காமல் அடுத்த லயத்துக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை வேன் வந்தபோது தோட்டத்தில் கிழவர்களும் காய்ச்சல்காரர்களும் பெண்களும்தான் இருந்தார்கள். இளவட்டங்கள் எல்லோரும் சீனர்களின் காய்கறித் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேனிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரியும், பின்னால் அவளுடைய பழைய உதவியாளன் சாத்தப்பனும் இறங்கினார்கள். சாத்தப்பன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்து நவமணியின் முகத்தைக் கண்டு நின்றுவிட்டான். அதிகாரி அதைக் கவனித்துவிட்டார்.

"யார் அவள்?"

சன்னாசி கங்காணி முந்திக்கொண்டார். "ஊமைங்க துவான். பொறவி ஊமை."

"எங்க நாத்தனாரு" என்றாள் நல்லம்மாள்.

அடுத்து ஒரு குரல் எழுந்தது. கருப்பம்மாளின் குரல். "சின்னப் புள்ளையிலேருந்து நான் தூக்கி வளத்தவ துவான். ஒரு வார்த்தை பேச வராது."

அதிகாரி சாத்தப்பனைப் பார்த்தார். அவன் மொழிபெயர்க்க வேண்டும். சாத்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த வார்த்தையையும் மாற்றாமல் அவர்கள் சொன்னதைச் சொன்னான். பிறகு வேனுக்குள் போய்ப் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டான். வேனுக்கு அன்று ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அதற்காகக் கங்காணியை வெயிலில் முட்டி போட வைத்தார்கள். அவர் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததுதான் நவமணியை வாழ்நாள் முழுக்க வியக்க வைத்தது. மறுநாள் காலையிலிருந்து அந்தத் தோட்டம் முழுவதும் அவளை மறுபடி ஊமையாக்கிவிட்டது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவாகத் தெரியவில்லை. கிராணி முன்னாலும் மீன்காரர் முன்னாலும் அவளிடம் கையை ஆட்டி ஜாடை காட்டினார்கள். வெளியாள் யாரும் இல்லாதபோதும் அப்படித்தான். ஒரு தடவை நல்லம்மாளிடம் தனியாகப் பேச வாயெடுத்தாள். நல்லம்மாள் அவள் வாயைப் பொத்தினாள்.

"இங்க பேசிப் பழகுனா வெளியாளு முன்னாடி தவறிப் போயிரும். சும்மா இரு."

ஆளைக் காட்டிக் கொடுத்தால் அரிசி மூட்டை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. சாக்குத் துணியை உடுத்திக்கொண்டு, கிழங்கைத் தின்றுகொண்டு முந்நூறு பேர் ஒரு வருஷம் ஏழு மாதம் அந்த ரகசியத்தைக் காத்தார்கள். அவளை மன்னிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். கருப்பம்மாள் கடைசிவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ரோந்துக்காரர்கள் வரும்போதெல்லாம் முதல் ஆளாக வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

1945 ஆகஸ்டில் சண்டை முடிந்துவிட்டது என்று சேதி வந்த அன்று, நவமணி லயத்து வாசலில் நின்று "முடிஞ்சிருச்சா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். நல்லம்மாளின் மகள் பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. ஊமை அத்தை பேசுவதைக் கேட்டு வீறிட்டு அழுது, ஒரு வாரம் அவளிடம் வரவே இல்லை.

மாயாண்டி அடுத்த ஜனவரியில் வந்தான். அந்தத் தோட்டத்திலிருந்து போன பதினொரு பேரில் அவன் ஒருவன்தான் வந்தான். காலில் ஆறாத புண். ரோட்டிலிருந்து வழி கேட்காமல் வந்து சேர்ந்திருந்தான். நிரை இல்லாததால் வெட்டிய கட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தானாம்.

நவமணி கடிதத்தை வாசிக்க ஆரம்பித்ததும் அவன் தலையை நிமிர்த்தினான். "இந்தக் கொரலு..."

"ஆமா, அதேதான்" என்றாள் நல்லம்மாள். "மொதல்ல கேளுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டான். நாலாவது மரத்தில் கையைத் தூக்கினான். "கோணமரம் அஞ்சாவது."

"நாலாவது."

"அஞ்சு, புள்ள. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நாலுதான்" என்றான். மற்ற பத்துப் பேர் எந்தெந்த முகாமில் இறந்துபோனார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். நவமணி பத்துக் குடும்பங்களுக்கும் நிவாரண மனு எழுதினாள். கருப்பம்மாளின் மனுவையும் அவளே எழுதினாள்.

அந்த வருஷக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. புதிய அரசாங்கத்தின் தகவல் இலாகாவில் தமிழ்ப் பகுதிக்குத் தலைமை ஏற்க வேண்டும், வீடும் உண்டு என்று எழுதியிருந்தது. சாத்தப்பன்தான் அவள் பெயரைச் சொல்லியிருந்தான். அழைப்புக்கு நன்றி, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று பதில் போட்டாள். பிறகு ஆயர் தாவார் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மளிகைக் கடையின் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷம் அங்கேதான் எழுதினாள்.

அவளிடம் எழுதப் போனால் நாள் ஆகும் என்று ஊரில் சொல்வார்கள். ஒருமுறை லூமுட்டிலிருந்து ஒரு மீன்பிடிக்கிறவர் வந்தார். ஓடிப்போன மகளுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்று சொன்னார். அப்புறம் அவருக்குப் பேச வரவில்லை. இரண்டு பஸ் வந்து போயிற்று. கடைக்காரி மங்களம் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, நீங்களாவது ஆரம்பிச்சு வைக்கக்கூடாதா?" என்று கேட்டாள். நவமணி பேனாவைத் திறந்து தாளின் மேல் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பஸ் கிளம்பிய பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"எழுதுங்க" என்றார்.